தறிக்காலைத் தட்டிப் பார்த்தவள்

மரியம்மாளைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால் திமிர் பிடித்தவள் என்பாள் ஒருத்தி. கூப்பிட்ட அன்று வரமாட்டாள் என்பாள் இன்னொருத்தி. இரண்டும் உண்மைதான். ஆனால் தாமல் ஏரிக்கரைக்குக் கீழே ஈரத்தில் ஊறிக்கிடக்கிற எங்கள் வீடுகள் இன்னும் கூரையோடு நிற்கின்றன என்றால், அதில் பாதிக்கு அவள் கை பட்டிருக்கிறது. அதைச் சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. எனக்கு வரும்.

எனக்கு எழுபத்தொரு வயது. பெயர் காந்தா. புருஷன் தனசேகரன் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை வீட்டிலேயே தறி ஓடியது. இப்போது அடுத்தவர் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறேன். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றுகிற வேலை அது. தார் கொண்டுபோய்க் கொடுக்க எல்லார் வீட்டுத் தறி அறைக்கும் நான் போகவேண்டும். அதனால் எந்த வீட்டில் எந்தச் சுவரில் செல்லு ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும். கரையானைத்தான் நாங்கள் செல்லு என்போம்.

மரியம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஊர்க்கோடியில் மாதா கோயில் தெரு. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே செத்தார்கள். புருஷன் ஜோசுவா லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இவள் ஏழு வருஷம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்குச் செல்லு மருந்து அடிக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தரையில் ஓட்டை போட்டு ஊற்றவேண்டும். கையுறை கிழிந்தால் கிழிந்ததுதான். உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. இன்றைக்கும் ஏரிக்கரை ஏறினால் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். ஒருநாள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஓட்டை போடச் சொன்னார்களாம். தண்ணீரில் இறங்காதா என்று கேட்டிருக்கிறாள். உனக்கு எதற்கு அந்தக் கவலை என்றானாம் மேற்பார்வை பார்த்தவன். மறுநாள் அவள் போகவில்லை.

அதற்குப் பிறகு விஷம் இல்லாமல் செல்லு எடுக்கிற வேலையைத் தானாகவே பழகிக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. செல்லு எந்த வழியாக வருகிறதோ அந்த வழியிலேயே மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்ப் பார்த்து, தப்பு செய்து, திரும்பச் செய்து பழகினாள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் செல்லு எங்கே என்று கேட்கமாட்டாள். குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பாள். இரும்புக் கரண்டிக் காம்பால் நிலை, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே வருவாள். எல்லா வீட்டிலும் அதே தட்டல், அதே கேள்வி, அவள் போனதும் அதே இடத்தில் திரும்பவும் தண்ணீர் ஊற்றுகிற அதே ஜனம். எனக்கே பார்த்துச் சலித்துப்போயிற்று. அவளுக்கு எப்படி இருக்கும்?

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. எங்கள் தெருவில் தறிக்குழி எல்லாவற்றிலும் ஊற்று. நெய்கிறவர்கள் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற குழிதான் அது. காலையில் எழுந்ததும் சொம்பால் மொண்டு கொட்டிவிட்டுத்தான் தறியில் இறங்கவேண்டும். கார்த்திகையில் மாணிக்கவாசகம் வீட்டுக்குத் தார் கொடுக்கப் போனேன். தறியின் பின்னங்காலுக்குப் பக்கத்தில், மூலையில், ஒரு சாண் உயரத்துக்கு மண் எழும்பியிருந்தது. சின்னப் புற்று.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? துடைப்பத்தை எடுத்திருக்கவேண்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மாணிக்கவாசகத்தின் பெண்சாதி வள்ளியைக் கூப்பிட்டு, "வள்ளி, ஆத்தா உன் வூடு தேடி வந்துக்கிறாடி," என்றேன். அந்த வாயை அப்போதே ஊசி நூலால் தைத்திருக்கலாம்.

வள்ளியின் மகன் முத்துக்குமாருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த மாதம்தான் மருமகள் துர்காதேவி முழுகாமல் இருப்பது தெரிந்திருந்தது. புற்றும் அந்த மாதமே எழும்பவே வள்ளி இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள். மஞ்சள் துணி கட்டியது நான். முதல் பால் ஊற்றியதும் நான்தான், மறைக்க என்ன இருக்கிறது? பிறகு வெள்ளிக்கிழமை தோறும் தெருப் பெண்கள் பாலும் முட்டையுமாக வந்தார்கள். ஊற்றின பாலில் மண் ஊறி ஊறி, தை மாதம் புற்று முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஆத்தா வளர்கிறாள் என்று வள்ளி பூரித்துப்போனாள். முட்டையும் மறுநாள் காணாமல்போகும். நாகம் வந்து குடித்ததாகப் பேச்சு.

அந்தத் தறியில் கல்யாணப் புடவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கரையில் வரிசையாக அன்னம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். கனமான சாமான். ஓட்டை போட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து அதில் மாட்டினால், எந்த ஓட்டையோ அதற்கு ஏற்ற இழை மேலே எழும்பும், கரையில் உருவம் விழும். தை முடிகிற சமயம் அன்னத்தின் கழுத்தில் ஒரு புள்ளி கூடுதலாக விழ ஆரம்பித்தது. அடுத்த வாரம் மூக்குக்குக் கீழே இன்னொன்று. பார்த்தால் இரண்டு மூக்கு.

நாற்பது வருஷம் நெய்த மனுஷன், தன் கண்மேல்தான் சந்தேகப்பட்டார். காஞ்சிபுரம் போய்க் கண்ணாடி மாற்றினார். புதுக் கண்ணாடியிலும் அன்னத்துக்கு இரண்டு மூக்கு. திரும்பப் போய் அந்தக் கண் டாக்டரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். மூன்றாவது தடவை கிளம்பினபோது முத்துக்குமார்தான் தடுத்து, மேலே ஏறி அட்டைச் சங்கிலியை இறக்கினான். அட்டைக்கும் அட்டைக்கும் நடுவில் ஈர மண். செல்லு தின்ற இடமெல்லாம் புது ஓட்டை. அந்த ஓட்டைக்கு ஏற்ற இழை எழும்பியிருக்கிறது. மனுஷன் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

முத்துக்குமார் செல்போனை எடுத்துவிட்டான். கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு மருந்து அடித்துவிடலாம் என்றான். நான் சும்மா இருக்கவில்லை. அந்தச் சுவருக்கு வெளியே எட்டடியில் கிணறு. அந்தத் தண்ணீரைத்தான் துர்காதேவி குடிக்கிறாள். அதுவும் போக, ஊற்றின மருந்து மண்ணில்தான் நிற்கும். இவர்கள் அப்பனும் பிள்ளையும் பகல் முழுக்க அந்த மண்ணில்தான் வெறுங்காலை வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். மரியம்மாளின் உள்ளங்கையை நான் பார்த்தவள். அதைச் சொல்லிவிட்டு, நான் போய் அவளைக் கூட்டி வருகிறேன் என்று கிளம்பினேன். புற்றில் கை வைக்கக்கூடாது என்று பின்னாலேயே வந்து வாசலில் நின்று சொன்னாள் வள்ளி.  பயம்.

மரியம்மாள் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு, புற்றைப் பார்த்தாள், மஞ்சள் துணியைப் பார்த்தாள், என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.  தறியின் நான்கு கால்களையும் வரிசையாகத் தட்டினாள். மூன்று கால் கெட்டியாகப் பேசின. புற்றுப் பக்கத்துப் பின்னங்கால் தகர டப்பா மாதிரிச் சத்தம் கொடுத்தது. மாணிக்கவாசகம் அப்போது தறியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, மொதல்ல எழுந்து வெளிய வாங்க," என்றாள். "கால் உள்ள ஒண்ணுமில்ல. பொட்டி உங்க தலமேலதான் வுழும்."

அவர் எழுந்து வந்தார். வந்து அந்தக் காலைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போயிற்று. வெளியே வார்னிஷ் பளபளக்கிறது, உள்ளே பொரி. நான்கு மாதமாக அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். முகம் செத்துப்போயிற்று அவருக்கு.

இனி வள்ளி சம்மதிப்பாள் என்று நினைத்தோம். அவள் புற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். தறியை வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆத்தாளைத் தொடாதீர்கள், வயிற்றில் இருக்கிறதுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று அழுதாள். அந்த வீட்டில் வேறு அறை ஏது? சமையல் அறையில் குழி தோண்டுவதா? தறி நின்றால் அடுப்பும் நிற்கும், அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அழுதாள். முத்துக்குமார் கடப்பாரையை எடுத்தான். மரியம்மாள் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இத நான் ஒடைக்கமாட்டேன்பா. நாளைக்கி இந்தத் தெருவுல எவளுக்குத் தலவலி வந்தாலும், மாதா கோயில் தெருக்காரி கை வெச்சதாலன்னுவாங்க. எனுக்குத் தெரியாதா? ஆத்தாள நீங்கதான கூட்டியாந்தீங்க, நீங்களே கொண்டுபோய் வுடுங்க. அப்பறம் சொல்லி அனுப்புங்க."

கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திமிர் என்று தெருவில் சொன்னார்களே, இதைத்தான். எனக்கு அது திமிராகப் படவில்லை. எத்தனை தடவை பழி சுமந்திருந்தால் இப்படி முன்கூட்டியே சொல்ல வரும்?

கூட்டி வந்தது நான். கொண்டுபோய் விடவேண்டியதும் நான்தான். வள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். நல்ல வார்த்தை பேச எனக்கு வராது.

"ஏண்டி, ஆத்தா வானம் பாத்து நிக்கிறவ. அவள இந்த இருட்டு மூலையில, தறிக்கட்ட தின்னுக்கினு கெடக்க வுட்டது நாம. எனுக்குப் புத்தி இல்ல, சொன்னேன். உனுக்குமா இல்ல? கரைமேல வேம்படியில அவ வூடு இருக்குது. கொண்டுபோய் வுட்டுடலாம் வா."

வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துர்காதேவியும் வரவேண்டும் என்றாள். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, புற்றிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் பித்தளைச் சொம்பில் போட்டு வேப்பிலை சொருகினோம். ஆத்தா, தப்பா கூப்பிட்டுட்டோம், உன் இடத்துக்கே போயிடு என்று சத்தமாகவே சொன்னேன். அவளுக்குக் காது கேட்கும், தெருப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்றுதான். சொம்பைச் சுமந்துகொண்டு நான் முன்னால் போனேன். என் முட்டிக்கு அந்தக் கரை மலை மாதிரி. வேப்பமரத்தடிப் புற்றில், ஊரே கும்பிடுகிற புற்றில், மண்ணைச் சேர்த்துவிட்டுப் பொங்கல் வைத்தோம். துர்காதேவி கற்பூரம் ஏற்றினாள். வள்ளி அழுதுகொண்டேதான் இறங்கி வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகுதான் மரியம்மாள் வந்தாள். முதலில் ஜக்கார்டு பெட்டியைக் கயிறு கட்டி நான்கு ஆண்கள் இறக்கினார்கள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை அறுக்காமல் சுருட்டித் துணியில் கட்டினார்கள். பிறகு அவள் மூலையில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தாள். இரண்டு பகல். முத்துக்குமார் மண்ணை அள்ளி வெளியே கொட்டினான். உள்ளே புளித்த பால் நாற்றம். ஓரத்தில் ஒரு எலி வளை, அதற்குள் எங்கள் முட்டை ஓடு அத்தனையும் கிடந்தது. நாகம் என்று பேசினவள் ஒருத்தியும் அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றடி ஆழத்தில் ராணிச் செல்லு. என் கட்டைவிரல் பருமன், வெள்ளையாக, நகரக்கூட முடியாமல் நெளிந்தது. மரியம்மாள் அதை எடுத்துக் கொதிக்கிற சுண்ணாம்புத் தண்ணீர் டின்னில் போட்டாள். முத்துக்குமார் போட்டோ எடுத்தான். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ராணி பூட்டா எல்லாம் பூட்சின்னு நெனைக்காதப்பா. ஈரம் இருந்தா இன்னொண்ணு வரும்," என்றாள்.

தோண்டின குழியில் வேப்பம்புண்ணாக்கைத் தூவி, கல்குவாரித் துகள் போட்டு இடித்தாள். அந்தத் துகளை அவள் சலித்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் அலுப்பு வரும். இரண்டு சல்லடை. ஒன்றில் பொடியைக் கழிப்பாள், இன்னொன்றில் பெரிசைக் கழிப்பாள். நடுவில் நிற்கிறதுதான் வேண்டும். பொடியாக இருந்தால் செல்லு வாயில் கவ்விக்கொண்டு போய்விடுமாம், பெரிசாக இருந்தால் சந்தில் புகுந்துவிடுமாம். ஒரு நாள் முழுக்கச் சலித்தாள். இருமிக்கொண்டே சலித்தாள். கம்பெனியில் ஏழு வருஷத்தில் வாங்கி வந்த இருமல் அது. வள்ளி டீ கொடுத்தனுப்பினாள், காகித டம்ளரில். வீட்டில் பித்தளை டம்ளர் பன்னிரண்டு இருக்கிறது. நான் எண்ணியிருக்கிறேன். மரியம்மாள் குடித்துவிட்டு டம்ளரைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

புதுக் காலுக்கு வேப்பங்கட்டை வந்தது. அதை மண்ணில் நடவிடவில்லை. கருங்கல் பலகை போட்டு, அதன்மேல் தகரத் தட்டு வைத்து, தட்டின் ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்கி, அதன்மேல் காலை நிறுத்தச் சொன்னாள். செல்லு ஏறினால் தகரத்தின் வெளியே மண் கோடு போட்டுத்தான் ஏறவேண்டும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். கட்டை முழுக்க வேப்பெண்ணெய் தேய்த்தாள். சுவர் அடி முழுக்கச் சுண்ணாம்பு. குளிக்கிற தண்ணீர் சுவரை ஒட்டி நின்ற இடத்தை வெட்டிக் கால்வாயைத் தென்னை மரத்துக்குத் திருப்பினாள். அட்டையை மட்டும் பிள்ளையார்பாளையத்தில் புதிதாக அடித்து வாங்கி வந்தார்கள். இனி சுவரில் படாமல் கம்பியில் தொங்கவேண்டும் என்றாள்.

அந்த வாரமே எதிர்வீட்டு சுகாசினிக்கு ஜுரம். மரியம்மாள் சொன்னது சொன்னபடி நடந்தது. புற்றை உடைத்த தோஷம், அவள் கை பட்ட தோஷம் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்: "அவ கல்யாண வூட்ல மூணு பந்தியில குந்திக்கினு துன்னாளே, அந்த ஜொரம்டி இது. ஆத்தா மேல ஏன் போடுற?" சுகாசினி மாமியாருக்கும் எனக்கும் இன்றுவரை பேச்சு இல்லை. போகட்டும்.

பெட்டியை ஏற்றியாயிற்று, பாவைப் பிணைத்தாயிற்று. மாணிக்கவாசகம் மட்டும் தறியில் இறங்கவில்லை. நாள் நல்லதில்லை என்றார். முதுகு வலி என்றார். காலையில் குளித்து, விபூதி பூசி, தறிக்கு முன்னால் வந்து நிற்பார். மேலே பெட்டியைப் பார்ப்பார். வெளியே போய்விடுவார். முத்துக்குமார் தான் உட்காருகிறேன் என்றதற்கு, பிள்ளை பெறப்போகிறவளின் புருஷன், நீ உட்காராதே என்று கத்தினார். நான்கு நாள் இப்படியே. தறி சரியாகியும் தறி ஓடவில்லை. வள்ளி என்னிடம் வந்து, பழைய தறிக்காலை அமுக்கினபோது உள்ளே போன விரல் அவருக்கு இன்னும் வெளியே வரவில்லை அக்கா என்றாள்.

ஐந்தாம் நாள் மரியம்மாள் தகரத் தட்டைப் பார்க்க வந்தாள். குனிந்து நான்கு பக்கமும் பார்த்தாள். கரண்டிக் காம்பால் காலைத் தட்டினாள். தறி ஏன் ஓடவில்லை என்று கேட்டாள்.  மாணிக்கவாசகம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, குழியில் காலை விட்டு, தறிப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்கு நேர் கீழே.

அந்த வீட்டில் சாமி கும்பிடாமல் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். மாதா கோயில் தெருவிலிருந்து ஒரு ஆள் இதுவரை அந்தத் தறி அறைக்குள் மண் சுமக்கத்தான் வந்திருக்கிறது. வள்ளி வாயைத் திறந்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

மரியம்மாள் மிதியை அழுத்தினாள். மேலே பெட்டி இழையைத் தூக்கியது. விட்டாள், டக்கென்று இறங்கியது. திரும்ப அழுத்தினாள். பத்து இருபது தடவை இருக்கும். முழு பலத்தோடு, சண்டை போடுகிறவள் மாதிரி மிதித்தாள். தறிக்கால் அசையவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது, இருமல் வந்தது, இருமிவிட்டுத் திரும்ப மிதித்தாள். பிறகு நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் ஆவாது, ஐயா. குந்துங்க," என்றாள். எழப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு கை குடுங்க யாராவது. முட்டி புடிச்சிக்கிச்சி."

எனக்கு அவளைத் தூக்கத் தெம்பு இல்லை. முத்துக்குமார் தள்ளி வாசல் பக்கம் நின்றான். மாணிக்கவாசகம்தான் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு அவர் கை கழுவினாரா என்று நான் பார்க்கவில்லை. அப்படியே இறங்கித் தறியில் உட்கார்ந்தார், அது மட்டும் தெரியும். ஊடைத் தார் ஓடுகிற நாடாவை எடுத்தார். முதல் இழை போட்டதும் ஒருதரம் மேலே பார்த்தார். இரண்டாவது இழைக்குப் பார்க்கவில்லை.

மரியம்மாள் அதைப் பார்க்க நிற்கவில்லை. பின்பக்கம் போய்விட்டாள். நானும் போனேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்த்து, தென்னை மட்டையும் விறகுமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தாள் வள்ளி. அடியில் ஈரம். நான்கு நாளில் செல்லுக்குத் திரும்பவும் வழி போட்டுவிட்டாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு மேலே இருந்த மட்டையை எடுத்துத் தூரப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். நானும் இரண்டு இரண்டு விறகாக எடுத்துக் கிணற்றுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே தறிச் சத்தம் விடாமல் கேட்டது.  வேலை முடிய மத்தியானம் ஆகிவிட்டது.